தட்டினால் விட வேண்டும்

கறுப்புப் பட்டை கட்டிய பிறகுதான் நான் முதன்முதலாக உண்மையான அடி வாங்கினேன். இதை யாரிடம் சொல்ல நேர்ந்தாலும், பக்கத்தில் மூக்கன் இருந்தால் முந்திக்கொண்டு, "அதுவும் நான் பாத்துட்டிருக்கும்போது" என்று சேர்த்துக்கொள்வான். அந்தப் பெருமையை அவனிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் இருவரும் மனநல மருத்துவமனையில் ஆண்களுக்கான பூட்டிய வார்டில் வேலை செய்கிறோம். நான் நர்ஸ், அவன் அட்டெண்டர். பணியில் சேர்ந்த புதிதில் அவன் மூக்கு இருமுறை உடைந்து, இரண்டு முறையும் வெவ்வேறு பக்கம் கோணலாக ஒட்டிக்கொண்டது. அதனால் மூக்கன். நான் ஜூடோ பழகுகிறவள் என்று வார்டில் தெரிந்த அன்றே எனக்கும் ஒரு பெயர் விழுந்தது: பெல்ட் சிஸ்டர்.

பள்ளி நாளிலிருந்து நான் பழகிவரும் கூடம் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மேலே பச்சை மெத்தைகள் பரப்பிய நீளமான அறை. அங்கே எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. நகம் வெட்டியிருக்க வேண்டும். எதிரே நிற்பவரை வணங்க வேண்டும். மாஸ்டர் "தொடங்கு" என்று சொன்ன பிறகே கையை நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒருவரைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும்போது, அவர் தாங்க முடியாமல் மெத்தையைத் தட்டினால், தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும். ஏன் தட்டினார், உண்மையிலேயே வலிக்கிறதா என்றெல்லாம் யோசிக்க அங்கே யாருக்கும் உரிமையில்லை. ஒருவர் மற்றவரிடம் தன் கழுத்தை ஒப்படைப்பது இந்த ஓர் உறுதியின் பேரில்தான்.

பூட்டிய வார்டை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் என் அண்ணன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில், மனம் கலங்கியிருந்த அவனை நாலு பேர் சேர்ந்து தரையில் அழுத்தினார்கள். ஒருவரின் முழங்கால் அவன் நெஞ்சில் ஊன்றியதில் விலா எலும்பு முறிந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல; பிடிக்கத் தெரியாதவர்கள், பயந்தவர்கள். அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறான். ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறான். ஆனால் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் இன்றும் தூக்கிவாரிப் போடும் அவனுக்கு. எலும்பை முறிக்காமல் ஒரு மனிதனைப் பிடிக்கத் தெரிந்த ஒருத்தியாவது அப்படிப்பட்ட வார்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒருத்தி நானே என்று நம்பவும் செய்தேன்.

அந்த நம்பிக்கை ஒரு காலைப்பொழுதில் கதவுச் சட்டத்தில் மோதி உடைந்தது.

மாத்திரைத் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வார்டில் எல்லாரும் கப்பல்காரர் என்று அழைக்கும் நோயாளி என்னை நோக்கி வந்தார். கப்பலின் எஞ்சின் அறையில் பல காலம் வேலை பார்த்தவர். பெரிய உடம்பு, சிறிய குரல். சில நாள்களில் வார்டு அவருக்கு மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலாகிவிடும். அப்போது கதவுக்கும் அவருக்கும் நடுவில் யார் நின்றாலும், தன்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறவராகவே அவர் கண்ணுக்குத் தெரிவார். நான் நடுவில் நின்றேன். அவர் என் சட்டைக் காலரைப் பற்றினார்.

காலரைப் பற்றுவது எனக்குப் புதிதல்ல. கூடத்தில் ஒவ்வொரு ஆட்டமும் அப்படித்தான் தொடங்கும். அந்தப் பிடிக்கு என்னிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. ஆனால் ஒரு பதிலும் வரவில்லை. என் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. எதற்கு என்று பிறகுதான் புரிந்தது: அவர் இன்னும் வணங்கவில்லை, யாரும் இன்னும் "தொடங்கு" என்று சொல்லவில்லை. அவர் என்னை உலுக்கினார். பின்மண்டை கதவுச் சட்டத்தில் இடித்தது. மாத்திரைகள் தரையெங்கும் சிதறின. மூக்கன் ஒரு போர்வையோடு ஓடிவந்து எங்கள் இருவர் மேலும் சேர்த்துப் போட்டு, "வாங்க கேப்டன், படகு அந்தப் பக்கம் ரெடியா இருக்கு" என்று பேசிக்கொண்டே அவரைப் பிரித்துக் கூட்டிப் போனான்.

என் தலைக்கு ஐஸ் கட்டி கொண்டுவந்தவனும் அவன்தான். அதைவிடக் குளிர்ச்சியாகப் பேசியவனும் அவன்தான்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்காதே."

"அவர் உங்களுக்குக் குனிஞ்சு கும்பிடு போட்டுட்டு அப்புறமா அடிப்பாருன்னு பாத்தீங்களா?"

ஐஸ் கட்டியைத் தலையில் இன்னும் அழுத்திக்கொண்டேன். உண்மையைக் கேலியாகச் சொன்னவனிடம் என்ன மறுப்பது?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். "சின்ன வயசுல சந்தைக்கடையில மூட்டை தூக்கினேன். தினம் ஒரு சண்டை. அங்க மெத்தை கிடையாது சிஸ்டர். ஈரத் தரை இருக்கும், காலுக்குக் கீழ வாழைப்பழத் தோல் இருக்கும், பின்னால எவனோட மச்சான் நிக்கிறான்னே தெரியாது. யோசிக்கிறதுக்குள்ள மூக்கு போயிடும்."

"அதான் உனக்கு ரெண்டு தடவை போச்சா?"

"அது இங்க வந்து போனது. சந்தையில நான் ராஜா." மூக்கைத் தடவிக்கொண்டான். "அங்க திருப்பி அடிக்கலாம். இங்க அடிக்கக் கூடாதே. கையக் கட்டிட்டு ஆத்துல குதிக்கிற வேலை இது. ஆமா, உங்க கூடத்துல பிடிச்சா எப்ப விடுவீங்க?"

"தட்டினா விட்டுடணும்."

"யார் தட்டினா?"

"பிடிபட்டவங்கதான்."

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "அந்தப் பழக்கத்த மட்டும் இங்க கொண்டுவந்துடாதீங்க தாயே. இங்க ஒரே சட்டம். பிடிச்சா, ஊசி போடுற வரைக்கும் விடக் கூடாது. பாதியில விட்டவனோட முகத்தத்தான் நீங்க இப்பப் பாத்துட்டிருக்கீங்க."

அன்று மதியம் தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். பெருத்த உடம்பு, வலிக்கும் முழங்கால்கள், சுற்றி வளைக்காத பேச்சு. அந்த வார்டிலேயே தலை நரைத்தவர்.

"உன்னை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாத்தலாம்னு இருக்கேன்" என்றார். "அங்கயும் வேலை இருக்கு. மரியாதையான வேலை."

"எனக்கு இங்கதான் இருக்கணும் சிஸ்டர்."

"நீ இருக்கணும்னு நினைக்கிற. உன் கை கால் நினைக்கலையே. இன்னைக்கு நீ நின்னதப் பாத்தேன். சிலை மாதிரி நின்ன. உனக்கு அடிபட்டா நான் ஐஸ் வைப்பேன். உன்னால இன்னொருத்தருக்கு அடிபட்டா என்ன வைக்கிறது? மாசம் முடியட்டும், பாக்கலாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேச்சே கிடையாது."

வீட்டுக்குப் போனதும் அண்ணன் என் தலை வீக்கத்தைக் கண்டுகொண்டான். மாவு பிசைந்து தடித்த அவன் விரல்கள் என் மண்டையை ரொட்டியைப் போல அழுத்திப் பார்த்தன.

"நல்லா உப்பியிருக்கு. பத்து நிமிஷம் வெச்சா வெந்துடும்."

"சிரிக்காதே அண்ணா. என்னை வார்டை விட்டு மாத்தப் போறாங்க."

"மாத்தட்டும். இனிப்பு வாங்கிட்டு வரேன்."

"விளையாடாதே."

"நான் விளையாடல." அவன் உட்கார்ந்தான். "எனக்காகத்தானே அங்க போன? நான் கேட்டேனா? நீ தலையில வீக்கத்தோட வந்து நிக்கிறதப் பாக்குறதுக்கா நான் குணமாகி வந்தேன்? 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்'னு சொல்லுவாங்க. ஒரு அடி பட்டாச்சு, போதும். புத்தி வந்து அந்தப் பக்கம் போயிடு."

நான் போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் பழகியது சண்டையா, அல்லது சண்டை போடுவதில்லை என்று இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குள் ஆடிய ஆட்டமா என்ற கேள்வி என்னை அரித்தது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒப்பந்தக்காரி எதற்குப் பயன்படுவாள்? கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். மாஸ்டர் ஆள் அனுப்பிக் கேட்டார். தலைவலி என்று சொல்லியனுப்பினேன். அது பாதி உண்மை.

மாதம் முடிவதற்குள் அந்தக் குளியலறைக் காலை வந்தது.

வார்டின் குளியலறை நீண்ட அறை. சிமெண்டுத் தரை, சுவரோரம் குழாய்கள், நடுவில் வடிகால். அன்று அங்கே பொறுப்பு மூக்கனுக்கு. கப்பல்காரர் அரை டிராயரோடு குந்தி உட்கார்ந்திருந்தார். எந்நாளும் செய்வதுபோல மூக்கன் வாளித் தண்ணீரைப் பின்னாலிருந்து அவர் தலையில் ஊற்றினான். எந்நாளும் அமைதியாக இருப்பவர் அன்று அமைதியாக இல்லை. தண்ணீர் கப்பலுக்குள் வந்துவிட்டது. நான் வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடியபோது, மூக்கன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்; அவன் கழுத்தில் முறுக்கிய துண்டும், துண்டின் இரு முனைகளிலும் கப்பல்காரரின் முஷ்டிகளும் இருந்தன. மூக்கனின் முகம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"தொடங்கு" என்று அன்றும் யாரும் சொல்லவில்லை. நானும் காத்திருக்கவில்லை. இதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். மூக்கனின் கால் ஒன்று தரையை விட்டு எழும்பியிருந்தது; அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் நினைவில்லை.

கப்பல்காரரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தேன். கூடத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த, ஆளைத் தூக்கி எறியும் வீச்சு ஒன்று உண்டு. அதற்குக் கால் ஊன்ற வேண்டும். சோப்பு நுரை மிதக்கும் தரையில் கால் எங்கே ஊன்றுவது? என் கால் வழுக்கியது. என் திறமை முழுவதும் அந்த நுரையோடு வடிகாலுக்குள் போனது. ஆனால் நான் விழுந்தேன். விழுவது எனக்குத் தெரியும். கூடத்தில் முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான்: எறிவதற்கு முன்னால் விழுவது. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, தலையைத் தரைக்குக் கொடுக்காமல் விழுந்தேன். கட்டியிருந்த கையை விடாததால் அவரும் என்னோடு விழுந்தார். அவர் தலை என் தோள்மேல் விழுந்தது. சிமெண்டில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். துண்டு நழுவியது. மூக்கன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, கதவைத் திறந்த வீட்டுக்குள் காற்று நுழைவதுபோல் மூச்சிழுத்தான்.

அதன்பின் தரையில் உருண்டு, பக்கவாட்டிலிருந்து அவர் மார்பின் குறுக்கே படுத்து, ஒரு கையை என் அக்குளுக்குள் அடக்கிப் பிடித்தேன். நெஞ்சில் என் பாரம் முழுவதும் இறங்காமல், முழங்கால் எதன்மேலும் ஊன்றாமல் பிடிக்கும் பிடி அது. அவர் திமிறினார். முதுகு வில்லாக வளைந்தது. நான் விடவில்லை. அவருடைய மற்றொரு கை காற்றில் அலைந்து, ஈரத் தரையில் விழுந்து, அறைந்தது. ஒருமுறை. இன்னொரு முறை.

என் கைகள் விட்டுவிட்டன.

நான் விட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் முடிவெடுக்கவில்லை. அந்த ஒலியைக் கேட்டதும் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. பள்ளி நாளிலிருந்து அந்த ஒலிக்கு அவை அப்படித்தான் திறந்து வந்திருக்கின்றன.

"விடாதீங்க சிஸ்டர்! ஐயோ, விட்டுட்டாங்களே!" என்று மூக்கன் உடைந்த குரலில் கத்தினான்.

கப்பல்காரர் எழவில்லை. மல்லாந்து கிடந்தபடியே, விடுபட்ட கையைத் தூக்கி, அது யாருடையது என்பதுபோல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மண்டியிட்டிருந்தேன், எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"விட்டுட்ட" என்றார்.

"தட்டினீங்கல்ல."

"தட்டினா விடுவியா?"

"விடுவேன்."

"பொய்."

சொன்னதோடு என் மணிக்கட்டைப் பற்றினார். நான் மறுபடி அவர் மார்பின் குறுக்கே இறங்கிப் பிடித்தேன். இந்த முறை அவர் திமிறவில்லை. பிடியின் எடையை நிறுத்துப் பார்ப்பவர்போல ஒரு மூச்சு நேரம் கிடந்தார். பின் உள்ளங்கையால் தரையைத் தட்டினார், மெதுவாக, கதவைத் தட்டுவதுபோல.

விட்டேன். இந்த முறை விட்டது நான்தான்.

இதற்குள் வாசலில் ஊசியோடு ஒருவரும் அவருக்குப் பின்னால் பெரிய சிஸ்டரும் வந்து நின்றிருந்தார்கள். கப்பல்காரர் அவர்களைப் பார்க்கவேயில்லை. "எந்திரிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். எழுந்தார். காய்ந்த துண்டு ஒன்று வேண்டும் என்றார். மூக்கனின் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன ஆச்சு, ஏன் கீழ உக்காந்திருக்க?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

டாக்டர் மூக்கனின் தொண்டையைப் பார்த்துவிட்டுப் போனதும், பெரிய சிஸ்டர் எங்கள் இருவரையும் துணி அறைக்கு அழைத்தார். சலவை செய்த விரிப்புகளும் பழைய மெத்தைகளும் அடுக்கிய அறை அது. நான் நனைந்து நின்றேன். மூக்கன் கழுத்தில் சிவந்த வளையத்தோடு நின்றான். என் மாதம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பிடிச்ச ஆளை எதுக்கு விட்ட?"

"கை விட்டுடுச்சு சிஸ்டர். பழக்கம்."

"அவர் எழுந்து உன் கழுத்தைப் பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருக்கலாம்."

"அடுத்த தடவை பிடிப்பாரா?"

"தெரியாது சிஸ்டர். தெரியும்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

மூக்கன் தொண்டையைச் செருமினான். கரகரவென்ற ஓசை மட்டும் வந்தது.

"நீ பேசாதே. தொண்டைக்கு ஓய்வு கொடுன்னு டாக்டர் சொன்னார்ல?"

"தொண்டை என்னோடது சிஸ்டர், அதுல பேச எனக்குப் பாத்தியதை இருக்கு" என்று அவன் கிசுகிசுத்தான். "அவங்க வரலைன்னா இந்நேரம் நீங்க எனக்கு மாலை வாங்கிட்டிருப்பீங்க. அதுவும் சின்ன மாலையா. இவங்கள ஏட்டுச் சுரைக்காய்னு சொன்னேன். சொன்ன வாய்க்கு இப்பதான் மூச்சு வந்திருக்கு." நிறுத்தி மூச்சு வாங்கினான். "விட்டது தப்புதான். நானே கத்தினேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நாங்க அவர எத்தனையோ தடவை பிடிச்சிருக்கோம். ஊசி போட்டு, தூங்கவெச்சுதான் விட்டிருக்கோம். ஒரு தடவைகூட அவர் எழுந்து எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டதில்ல."

பெரிய சிஸ்டர் அவன் கழுத்திலிருந்த வளையத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். இரண்டு பழைய மெத்தைகளைக் காலால் தரைக்குத் தள்ளி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி மல்லாந்து படுத்தார்.

"பிடி."

"சிஸ்டர்?"

"அவரைப் பிடிச்ச மாதிரி என்னைப் பிடி. கதவைச் சாத்துடா மூக்கா. யாராவது பாத்தா என்னையும் இதே வார்டுல சேத்துடுவாங்க."

நான் வணங்கிவிட்டு, அவர் மார்பின் குறுக்கே இறங்கிப் பிடித்தேன். அவர் முதலில் பலம் காட்டினார், தோளால் முட்டினார், இடுப்பை நெளித்தார். எத்தனையோ பேரைத் தரையில் அடக்கிய உடம்பு அது. மெல்ல மெல்ல அசைவு நின்றது. அவர் மூச்சு என் காதருகே குறுகியது. ஏன் தட்டவில்லை என்று எனக்கே பதற்றமாக இருந்தது. கடைசியில் விரல் நுனிகள் மெத்தையைத் தொட்டன. அதைத் தட்டல் என்று சொல்ல முடியாது. விட்டேன்.

அவர் எழாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் ஈரம் இருந்தது. அதைத் துடைக்க அவர் முயலவில்லை.

"தட்டினா நீ விடுவேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் படுத்தேன். அப்படியும், தட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இவ விடமாட்டான்னு ஒரு பயம் வந்துச்சு பாரு..." நிறுத்தினார். "அவங்களுக்கு அதுவும் தெரியாதே. எத்தனை பேரை இப்படிப் பிடிச்சிருக்கேன்! எல்லாரும் இதைத்தான் நினைச்சிருப்பாங்க."

நானும் மூக்கனும் அசையாமல் நின்றோம்.

"என்ன வேடிக்கை? தூக்கிவிடுங்க. முட்டி போச்சு."

இருவரும் சேர்ந்து தூக்கினோம். செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

"டாக்டர்கிட்ட நான் பேசுறேன். எல்லாருக்கும் இது ஒத்துவராது; ஊசி வேண்டியவங்களுக்கு ஊசிதான். ஆனா பிடிக்கிற எல்லாரும் பிடிக்கிறது எப்படின்னு பழகணும், விடுறது எப்படின்னும் பழகணும். நீதான் சொல்லித்தரணும். வெளிநோயாளிப் பிரிவுக்கு வேற ஆளைப் பாக்குறேன்." கதவருகே நின்று திரும்பினார். "அவர் தலை தரையில படாம விழுந்தியாமே? அதுக்கு நன்றி."

அவர் போன பிறகு நான் நனைந்த சட்டையோடு மெத்தைமேல் உட்கார்ந்தேன். மூக்கன் ஒரு விரிப்பை எடுத்து என் தோளில் போர்த்தினான். "நன்றி மூக்கா" என்றேன்.

"எனக்கு எதுக்கு? நான் கழுத்தக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

அவனுக்குத் தெரியாமலே அவன் சரியாகச் சொல்லிவிட்டான். அந்த நேரத்தில் என் நினைவில் வந்தவர்கள் எல்லாரும் கழுத்தைக் கொடுத்தவர்களே. டயர் கடை மாடியில் என்னோடு உருண்டவர்கள்: லாரி மெக்கானிக் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் விரல்களை நகர்த்தியவை அவர்களுடைய தட்டல்கள். நான் விடுவேன் என்று நம்பி, மாலை தவறாமல் வந்து, என் கைக்குள் கழுத்தை வைத்து, என் விரல்களுக்கு விடுவதைக் கற்பித்தவர்கள். நான் அதை விளையாட்டின் விதி என்று எண்ணியிருந்தேன். சண்டை என்ற பெயரில் அவர்கள் எனக்குள் ஏற்றிவைத்தது வேறொன்று. விடுவதா வேண்டாமா என்று நானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், அந்த ஈரத் தரையில் விட்டிருக்க மாட்டேன், பயத்தில் இறுக்கியிருப்பேன். அன்று மாலையே கூடத்துக்குப் போனேன். தலைவலி போய்விட்டதா என்று மாஸ்டர் கேட்டார். முழுவதுமாக, என்றேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அண்ணன் தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கிடாமல் கேட்டான். கேலி எதுவும் வரவில்லை. முடிவில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ரெண்டாவது தடவையும் விட்டியா?"

"விட்டேன்."

தலையை ஆட்டிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். வார்டை விட்டு மாறச் சொல்லி அதன்பிறகு அவன் பேசவில்லை.

மறுநாள் காலை குளியலறைப் பொறுப்பு எனக்கு. மூக்கன் கழுத்தில் கட்டோடு வாசலில் காவல் நின்றான். கப்பல்காரர் குழாயடியில் குந்தி உட்கார்ந்தார். வாளியைத் தூக்கி, கீழே வைத்து, மறுபடி தூக்கினேன். ஓர் அனுபவம் பயத்தைப் போக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் அவருக்கு முன்னால் போய், அவர் கண்ணில் படும்படி நின்றேன்.

"தண்ணி ஊத்தப் போறேன்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டி வாளியை வாங்கிக்கொண்டார். தானே தலையில் ஊற்றிக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். கப்பல் மூழ்கவில்லை.

சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ரொம்ப நன்றிங்க."

"எதுக்கு?"

"நேத்து தட்டினதுக்கு."

கப்பல்காரர் நுரை வழியும் முகத்தோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மூக்கனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பைத்தியமா உனக்கு?" என்றார்.

மூக்கனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தொண்டை வலித்தது. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால், போதும் போதும் என்று சுவரைத் தட்டினான்.